எண்ணெய் நெறஞ்சிருக்கு

(யுத்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், புதிய கல்யாண மண்டபக் கமிட்டியார் கூட்டிய பொதுக்கூட்டத்தில் பெண்கள் பள்ளி சயன்ஸ் ஆசிரியை விஜயம் அம்மாள் பேசியது.)

இந்த அவைக்கு நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் ஸ்ரீ சாம்பசிவய்யர் அவர்களே! அவருக்கு இடமும் வலமும் இருந்து எழில் சேர்க்கும் கமிட்டிப் பெரியோர்களே! ஓதி உணர்ந்த முதியவர்களே! ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடோடி வந்திருக்கும் உத்தியோகஸ்தர்களே! பந்தலின் அந்தப் பக்கம் தட்டி மறைவில், விசிறியும் கையுமாக வியர்த்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே! பந்தலுக்கும் அப்பால், தென்னை மரத்தடியில், உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் உழைப்பாளிகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான நமஸ்காரம்.

நோட்டீஸில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். 'மின்சாரத்தின் மகிமை'. அழகான தலைப்பு. மகிமையைப் பற்றி ஒரு மணி நேரம் மத்தாப்பு விட எனக்கும் தெரியும். இருளை விரட்ட வந்த இளஞ்சூரியன் என்பேன். இயந்திரங்களுக்கெல்லாம் இதயம் என்பேன். நீங்கள் கை தட்டுவீர்கள். தலைவர் அவர்கள் தலையை ஆட்டுவார்கள். எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேருவோம். திங்கட்கிழமை காலையில், இந்தப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் மறுபடியும் வேலை தொடங்கும். யோசுவா உள்ளே இறங்குவார். அவர் இறங்குவதற்கு முன்னால் பேசியாக வேண்டும் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன். ஆகையால், மகிமை இன்றைக்கு மன்னிக்கட்டும்.

என்ன, அங்கே சிரிப்பு? 'யோசுவா இறங்குவாராம்' என்று சிரிக்கிறீர்களா? ஆமாம் ஐயா, இறங்குவார்தான். அதே கிணற்றில் கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அந்த மனிதருக்கு ஒரு 'ஆர்' போட்டால் என் நாக்கு தேய்ந்து போகாது.

சபையோர்களே! முதலில் ஒரு கேள்வி. மின்சாரம் எங்கே விளைகிறது? என் வகுப்பில் கேட்டால் பெண்கள் 'பவர்ஹவுஸில், டீச்சர்' என்று ஒரே குரலில் சொல்லுவார்கள். நீங்களும் அதையேதான் நினைக்கிறீர்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அதனால் தண்ணீர் குழாயில் விளைகிறது என்று சொல்லிவிடுவோமா? குழாய்க்குப் பின்னால் ஏரி உண்டு, ஏரிக்குப் பின்னால் மழை உண்டு. அதுபோல் விளக்குக்குப் பின்னால் கம்பி உண்டு, கம்பிக்குப் பின்னால் டைனமோ உண்டு. டைனமோ என்பது என்ன? காந்தம், அதன் நடுவே செம்புக் கம்பிச் சுருள். சுருள் சுழன்றால் கம்பியில் மின்சாரம் ஓடும். சுருள் நின்றால் மின்சாரமும் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஆனால் சுருளைச் சுழற்றுவது யார்? அதுதான் கேள்வி! தானாகச் சுழல அது என்ன பம்பரமா? பம்பரத்துக்கும் சாட்டை வேண்டும், சாட்டைக்கும் ஒரு கை வேண்டும். வடக்கே மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் ஆற்றைக் குழாய்க்குள் இறக்கி, விழுகிற தண்ணீரின் வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். நிலக்கரி கிடைக்கிற ஊரில் கரியை எரித்து, நீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் சுழற்றுகிறார்கள். இரண்டும் இல்லாத இடத்தில் எண்ணெய் எஞ்ஜினை வைத்துச் சுழற்றுகிறார்கள். தண்ணீர், கரி, எண்ணெய்! மின்சாரம் தானாக எதையும் சம்பாதிப்பதில்லை. இங்கே ஒன்று எரிந்தால், இங்கே ஒன்று விழுந்தால், அந்த பலத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும். எரிவது நின்றால், விழுவது நின்றால், அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

'சயன்ஸ் வகுப்பா நடத்துகிறாய்?' என்று முன்வரிசையில் ஒரு வக்கீல் மாமா முணுமுணுக்கிறார். ஆமாம் மாமா, வகுப்புத்தான். இந்த வகுப்பை நாம் யாரும் ஒழுங்காகப் படிக்காததால்தான் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ஒருநாள் தீர்ந்து போகுமா? கேளுங்கள். நிலக்கரி என்பது என்றைக்கோ மண்ணுக்குள் அமுங்கிப்போன காடு. தோண்டி எரித்தோம் என்றால் எரித்ததுதான். இன்னொரு காடு அமுங்கிக் கரியாகும் வரையில் காத்திருக்க மனிதகுலத்துக்கு ஆயுள் கிடையாது. எண்ணெயும் அப்படியே. அது பூமிக்குள் தீருவதற்கு முன்னால் நமக்குத் தீர்ந்துவிடும் என்பதை இந்த யுத்தம் காட்டிவிட்டது. ரங்கூன் விழுந்தது, பர்மா எண்ணெய் வரும் வழி அடைபட்டது, சாலைக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற கூட்டத்தை நீங்களே தினம் பார்க்கிறீர்கள். சரி, தண்ணீர் தீராதே என்பீர்கள். ஆறு வருஷா வருஷம் வருகிறதே என்பீர்கள். இடவப்பாதிப் பருவமழை ஒரு வருஷம் பொய்த்தால்? மலைக்காட்டை வெட்டி வெட்டி மண் சரிந்து நீர்நிலை தூர்ந்தால்? அப்போது சக்கரம் சுழலுமா? சாஸ்திரிகளை வைத்து ஜபம் பண்ணினால் சுழலுமா?

ஆகவே, தீருமா என்றால் தீரும். கரி தீரும், எண்ணெய் தீரும், கவனிக்காவிட்டால் ஆறும் தீரும். எனக்கு அதுகூடப் பெரிய பயம் இல்லை. தீர்ந்தது என்று தெரிந்தால் மனிதன் வேறு வழி பார்ப்பான். தீர்ந்தபோது 'தீர்ந்தது' என்று வாய் திறந்து சொல்லப்போவது யார்? அதுதான் என் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இதோ, இந்தக் கிணறு.

தாய்மார்களே! நம் மண்டபத்துக்கு வற்றாத கிணறு வேண்டும் என்று கமிட்டியார் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. தென் எல்லையிலிருந்து, கிணறு வெட்டுவதில் கை தேர்ந்த தாசையன், யோசுவா என்ற அண்ணன் தம்பியை வரவழைத்தார்கள். அதுவும் நல்ல முடிவு. செம்பாறையைக் கடந்து கீழே போனதும் தண்ணீர் கசிந்து கசிந்து வேலை செய்ய முடியாமல் ஆயிற்று. இறைக்க வேண்டும். ஆழத்துக்குள் எஞ்ஜினை இறக்கினால் புகையே ஆளைக் கொன்றுவிடும். அதனால் எஞ்ஜினும் டைனமோவும் மேலே. கம்பி வழியே மின்சாரம் கீழே. கீழே ஒரு மோட்டார் பம்பு. யுத்த காலத்தில் புது லைன் இழுக்கக் கம்பி கிடைக்காததால், ஒரு நெல் மில்லிலிருந்து பழைய எண்ணெய் எஞ்ஜினை இரவல் வாங்கி வந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் யோசுவா. அடியில் இருந்தவர் தாசையன்.

அடியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊற்றுக்கண்ணைத் தேடிப் பக்கவாட்டில் துளை குடைந்தார். நின்றல்ல, உட்கார்ந்தல்ல, குப்புறப் படுத்து ஊர்ந்து போகிற துளை. கையில் சிற்றுளி. தலைக்கு முன்னால் கம்பியில் தொங்கும் ஒரே ஒரு மின்விளக்கு. பின்னால் பம்பின் இரைச்சல். அந்த இரைச்சல் கேட்கும் வரை உயிர். அந்த விளக்கு எரியும் வரை வழி. இரண்டும் ஒரே கம்பியில்! அந்தக் கம்பி ஒரு டைனமோவில்! அந்த டைனமோ ஒரு டின் எண்ணெயில்!

எண்ணெய் எங்கே இருந்தது? யுத்த காலம், வெளியில் வைத்தால் திருட்டுப் போகும் என்று, கிணற்றுக்கு அடுத்த வீட்டில், வாலாம்பாள் மாமியின் கொல்லை அறையில் பூட்டி வைத்தார்கள். சாவி மாமியின் இடுப்பில். மாமியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்தத் தெருவில் மாமியின் கையால் மோர் வாங்கிக் குடிக்காதவர் யார்?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உச்சிப்பொழுது. தாசையன் துளைக்குள் போகத் தயாராகிறார். யோசுவா எஞ்ஜினைப் பார்க்கிறார். டாங்கியில் கொஞ்சம்தான் இருக்கிறது. முன்யோசனை உள்ள மனிதர். மாமி வீட்டுக் கொல்லை வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார்.

"அம்மோ! எண்ணெ உண்டா? அண்ணன் உள்ள கேறப் போறான்."

மாமி அடுக்களையில் இருந்தபடியே பதில் சொல்கிறாள்.

"எண்ணெயா? நெறஞ்சிருக்குப்பா!"

"அப்பம் சரி. பெறகு வந்து எடுக்கேன், அம்மா."

சபையோர்களே! சிலர் முகத்தில் இப்போதே கலக்கம் தெரிகிறது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. தென்னை மரத்தடியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்தால் அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம். உப்பு தீர்ந்தால், குங்குமம் தீர்ந்தால், விளக்கு எண்ணெய் தீர்ந்தால் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. வந்தால் லக்ஷ்மி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயம். ஆகையால் என்ன சொல்வோம்? 'நெறஞ்சிருக்கு' என்போம். பானை காலி என்றால் 'நெறஞ்சிருக்கு'. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒன்றும் விழவில்லை என்றால் 'நெறஞ்சிருக்கு'. அகத்துக்காரர் காதில் விழுந்தால் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். எங்களுக்குள் அது புரியும். நானும் அந்த அடுக்களையில் வளர்ந்தவள்தான். நானும் அப்படியே சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டு யோசுவா என்ன நினைப்பார்? நிறைந்திருக்கிறது என்றால் நிறைந்திருக்கிறது என்றுதானே!

யோசுவா திரும்பிப் போனார். "எண்ணெ தாராளமா இருக்கு அண்ணா, நீ கேறு" என்றார். தாசையன் துளைக்குள் ஊர்ந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்து யோசுவா டின்னை எடுக்க வந்தார். மாமி அறையைத் திறந்து, டின்னை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவர் தூக்கினார். இறகைத் தூக்கினாற்போல் வந்தது.

"அம்மா, இது காலியால்லா கெடக்கு!"

"ஆமாம்ப்பா. அதான் நெறஞ்சிருக்குன்னு அப்பவே சொன்னேனே!"

"நெறஞ்சிருந்தா எண்ணெ எங்க அம்மா?"

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இல்லேன்னு எப்படிப்பா வாயால சொல்றது?"

ஒரு காலி டின்னை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று இரண்டு நல்ல மனிதர்கள் தர்க்கம் செய்துகொண்டு நின்றார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்ஜின் இருமிற்று. இன்னொரு தரம் இருமிற்று. சத்தம் நின்றது.

பம்பு நின்றது. விளக்கு அணைந்தது. இரண்டும் ஒரே கம்பி என்று சொன்னேன் அல்லவா? ஆளளவு துளைக்குள் கண் தெரியாத இருட்டு. திரும்ப இடமில்லை; பின்னோக்கியே ஊர்ந்து வர வேண்டும். ஊற்று எங்கே எங்கே என்று இத்தனை நாளாக அவர் தேடிய தண்ணீர் இப்போது அவரைத் தேடிக்கொண்டு வந்தது. யோசுவா ஓடினார். கயிற்றைப் பிடித்து இறங்கினார். 'அண்ணா, அண்ணா' என்று அவர் அலறியது இந்தத் தெரு முழுவதும் கேட்டது. உங்களுக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. தாசையனைக் கொண்டுவந்து மேலே கிடத்தியபோது அவர் கை விரல்களில் நகங்கள் இல்லை. பாறையைப் பிறாண்டியிருக்கிறார். இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

'விதி' என்று யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். ஐயா, விதியின் கையிலா சாவி இருந்தது? விதியா வேலிக்கு வெளியே நின்று கேட்டது?

'உள்ளே போய் டின்னை ஒரு தரம் அசைத்துப் பார்த்திருக்கலாமே அந்த யோசுவா!' இப்படியும் ஒரு பேச்சு நம் தெருவில் நடமாடுகிறது. நான் கேட்கிறேன்: விட்டிருப்பீர்களா? உங்கள் கொல்லைப் படியில் அவர் கால் வைக்க விட்டிருப்பீர்களா? அடுக்களையை ஒட்டிய அறைக்குள் அவர் நுழைந்து, டின்னைத் தொட்டுத் தூக்கி, குலுக்கிப் பார்க்க விட்டிருப்பீர்களா? கண்ணால் பார்க்க நாம் அவருக்கு வழி விடவில்லை. காதால் கேட்கச் சொன்னோம். காதுக்குக் கொடுத்த சொல்லோ தலைகீழான சொல். பிறகு அவர் மேலேயே பழி!

'எல்லாம் அந்த மாமியின் வாய்' என்பது இன்னொரு பேச்சு. மாமி அதோ தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அன்றையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கலந்து வைத்த சாதம் ஆறிப் போகிறது. இந்தச் சபையில் நான் உரக்கச் சொல்கிறேன்: அந்தச் சொல் மாமியின் சொல் அல்ல. அது நம் எல்லோருடைய சொல். நம் தாய்மார்கள் நமக்கு ஊட்டிவிட்ட சொல். மாமியைத் தனியாகக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு அரிசிப் பானையைப் போய்க் கேட்கட்டும்.

தலைவர் அவர்கள் மணியின் மேல் கை வைக்கிறார்கள். நேரமாகிவிட்டது என்று தெரிகிறது. அடியுங்கள், மணி நின்ற பிறகு மீதியைச் சொல்கிறேன். ...நன்றி.

கமிட்டிப் பெரியோர்களே! எண்ணெய் வரத்து நின்றுபோயிற்று என்று உங்களுக்குத் தெரியாதா? விற்கிறவரே வந்து கைவிரித்தாரே! தாசையன் சாவதற்கு முந்தின வாரம் இதே இடத்தில் கூட்டம் போட்டு என்ன அறிவித்தீர்கள்? 'எண்ணெய் விஷயத்தில் கவலைப்பட ஏதும் இல்லை, நிலைமை திருப்திகரம்.' திருப்திகரம்! ஆபீஸ் பாஷையில் அதற்கு அர்த்தம் என்ன? நெறஞ்சிருக்கு! மாமி சொன்னது வழக்கம். நீங்கள் சொன்னது வசதி. மாமி சாமிக்குப் பயந்து சொன்னாள். நீங்கள் தை மாத முகூர்த்தம் தள்ளிப்போகுமே, திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்களை அழைத்தாகிவிட்டதே என்று பயந்து சொன்னீர்கள். எந்தப் பயம் பெரிய பாவம்?

நம் தெருவை மட்டும் சொல்லவில்லை. கரிச் சுரங்கம் தோண்டுகிற தேசங்களெல்லாம் இன்றைக்கு என்ன சொல்லுகின்றன? நெறஞ்சிருக்கு. எண்ணெய்க் கிணற்றுக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் ராஜ்யங்கள் என்ன சொல்லுகின்றன? நெறஞ்சிருக்கு. மலைக்காட்டை மொட்டையடித்துக்கொண்டே மழைக்குக் குறைவில்லை என்கிறவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? நெறஞ்சிருக்கு, நெறஞ்சிருக்கு, நெறஞ்சிருக்கு! சொல்லுகிறவர்கள் மேலே காற்றாட இருக்கிறார்கள். நம்பியவன் கீழே துளைக்குள் படுத்திருக்கிறான். டின் காலி என்று முதலில் தெரிந்துகொள்பவன் அவன்தான். எப்படித் தெரிந்துகொள்கிறான்? விளக்குப் போன பிறகு, தண்ணீர் வந்த பிறகு.

தாய்மார்களே, பெரியோர்களே! திங்கட்கிழமை கிணற்று வேலை தொடங்கும் என்று நோட்டீஸின் அடியில் அச்சடித்திருக்கிறது. யோசுவா இறங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏன் இறங்குகிறீர் என்று கேட்டேன். "அண்ணன் தோண்டினது பாதியில கெடக்கு டீச்சரம்மா. வேற ஒருத்தன் கேறி அவனுக்கும் இந்தக் கதி வந்தா? நானே கேறிக்கிடுதேன்" என்றார். தாசையனின் மனைவி அம்மிணி யோசுவாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுததையும் பார்த்தேன். ஆகையால் இந்த மேடையிலிருந்து, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், தலைவர் அவர்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காத கேள்வி. திங்கட்கிழமைக்கு எஞ்ஜினுக்கு எண்ணெய் இருக்கிறதா?

'ஏற்பாடாகிக்கொண்டிருக்கிறது' என்கிறார்கள் தலைவர் அவர்கள். நான் ஏற்பாட்டைக் கேட்கவில்லையே! எண்ணெய் இருக்கிறதா?

'போதுமான அளவு எதிர்பார்க்கப்படுகிறது' என்கிறார்கள். எதிர்பார்ப்பை ஊற்றினால் எஞ்ஜின் ஓடுமா? சபையோர்களே, நீங்களாவது கேளுங்கள்! ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? 'இல்லை' என்று ஒரு சொல்! அதைச் சொல்ல இத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் இல்லையா?

யார் அது, தட்டிக்குப் பின்னால்? நகருங்கள், வழி விடுங்கள். வாலாம்பாள் மாமி எழுந்திருக்கிறாள். மெதுவாக மாமி, பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாதீர்கள், மாமி ஏதோ சொல்லுகிறாள்... எங்களுக்குக் கேட்கவில்லை மாமி, இன்னும் கொஞ்சம் உரக்க...

"எண்ணெய் இல்லை. என் அறையிலே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இல்லை. இல்லைடா யோசுவா, நீ இறங்காதே."

கேட்டீர்களா சபையோர்களே? தலைவர் அவர்களே, கேட்டீர்களா? யோசுவா, உமக்குக் கேட்டதா? தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டுகிறார்; கேட்டுவிட்டது. அம்மிணி, உனக்கும் கேட்டதா அம்மா?

கை தட்டாதீர்கள். தயவு செய்து யாரும் கை தட்டாதீர்கள். ஆயுசில் முதல் தடவையாக அந்த அம்மாள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு நிற்க முடியாமல் அழுகிறாள். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

தலைவர் அவர்கள் திங்கட்கிழமை வேலையை நிறுத்தி வைப்பதாகக் கையைக் காட்டிச் சொல்லுகிறார்கள். எனக்குப் போதும். இனி எண்ணெய் வந்தால், டின்னை இந்தத் தெருவின் நடுவில் வையுங்கள். எஞ்ஜினைப் பார்க்கிறவர் கையாலேயே தூக்கிப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். லக்ஷ்மி கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும்.

என்னைப் பேச அழைத்து, பேசவும் விட்ட தலைவர் அவர்களுக்கும், கமிட்டியாருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் என் நன்றி. இவர்கள் எல்லோருக்கும் மேலாக வாலாம்பாள் மாமிக்கு என் நன்றி. மாமி சொன்ன அந்த ஒரு சொல்லை அந்த வெள்ளிக்கிழமையே நம்மில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், தாசையன் அன்று சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

நமஸ்காரம்.